அம்மா கைநாட்டு வைக்க மறுத்த நாள்

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் பத்து விரல்களையும் பிரெஞ்சு அரசாங்கத்திடம் பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன். வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போது இது வழக்கம்தான். பாரிசுக்கு வெளியே நான் இருக்கும் வட்டாரத்தின் அரசு அலுவலகத்தில் ஏழரை மணிக்கே வரிசை நின்றுவிடும். குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு நின்றவர்கள் உள்ளே போனதும் அதைக் கழற்றி, பச்சை வெளிச்சம் வரும் கண்ணாடித் தட்டின் மேல் முதலில் நான்கு விரல்களை வைக்க வேண்டும். அப்புறம் கட்டைவிரல்.

கவுண்ட்டரில் இருந்த பெண் சொன்னார்: "இன்னும் அழுத்துங்கள், ஐயா. கட்டைவிரல் சரியாக விழவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு அழுத்தினேன்.

ஓராண்டுக்கு முன் இதே நாட்களில், புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் தாண்டி எங்கள் ஊரில் இருந்த வங்கிக் கிளையில், ஓர் அதிகாரி என் அம்மாவிடம் இதே வார்த்தைகளைச் சொன்னார். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். படித்த நான் இங்கே சொன்ன இடத்தில் எல்லாம் விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன். படிக்காத அவர் அன்றைக்கு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதை எழுதிவிட வேண்டும் என்று ரயிலில் திரும்பும்போதே முடிவு செய்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அம்மாவின் பெயர் அஞ்சலை. அப்பா நான் ஆறாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா புதுச்சேரி நகரத்தின் உப்பளம் பகுதியில் ஒரு தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். காலை பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போவார். பொழுது சாயும்போது கரிப்புகை வாசனையோடு திரும்புவார்.

பிரான்சில் இருக்கிறேன் என்று சொன்னால் புதுச்சேரியில் அடுத்த கேள்வி, "நேஷனாலிதேவா?" என்பதாக இருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பமா, அல்லது அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தவனா என்று அர்த்தம். இரண்டும் இல்லை. பாலிடெக்னிக், பிறகு பொறியியல், பிறகு இங்கே மேற்படிப்பு என்று வந்தவன். இப்போது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. எங்கள் குடும்பத்துக்கும் பிரான்சுக்கும் இருந்த ஒரே தொடர்பு அம்மாவின் இஸ்திரிப் பெட்டிதான். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி ஊர்வலத்துக்கு, வண்டி நின்ற தெருவின் சொல்தாக்கள் எல்லாரும் பதக்கம் குத்தும் கோட்டை அம்மாவிடம்தான் தேய்க்கக் கொடுப்பார்கள். எனக்கு விசா வந்த அன்று அம்மா சொன்னார்: "இத்தினி வருஷம் அவங்க கோட்டத் தேச்சேன். இப்ப எம் புள்ள கோட்டு போட்டுக்கினு போறான்."

நான் பதினொன்றாவது படிக்கும்போது, மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை நீலமாக இருக்கும். அட்டையை ஆசிரியரிடம் நீட்டும்போது என் கை தானாக அந்த இடத்தை மறைத்துக்கொள்ளும். இதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை. ஒருநாள் வீட்டில் அட்டையை எடுத்துவைக்கும்போதும் அப்படியே மறைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டார். மறுநாள் வண்டியடியில் கேட்டார், "எம் பேர எப்படிடா எழுதணும்?"

அவருக்குச் சிலேட்டு தேவைப்படவில்லை. துணிக்குத் தெளிக்க வைத்திருக்கும் தண்ணீரில் விரலை நனைத்து, வண்டிமேல் விரித்த போர்வையில் எழுதிப் பார்ப்பார். அடுத்த சட்டைக்காகப் பெட்டியை எடுத்து இழுத்தால் 'ஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும், எழுத்து போய்விடும். மறுபடியும் விரலை நனைப்பார்.

"இந்த 'ஞ' இன்னாடா, கொடல் மாரி சுத்திக்கினு போவுது?"

"அது அப்படித்தாம்மா."

"எம் பேருக்குள்ள இத்த யாருடா கொண்டாந்து வெச்சது?"

மூன்று மாதம் ஆனது. அடுத்த அட்டையில் 'அஞ்சலை' என்று எழுதிக் கொடுத்தார். வகுப்பாசிரியர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயே போட்டுக்கினியா?" என்றார். நான் வீட்டில் போய் அழுதேன். அம்மா மறுநாள் காலையில் வண்டிக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் மேசையில் இருந்த ஒரு தாளை இழுத்து, நின்றபடியே, மெதுவாகத் தன் பெயரை எழுதிக் காட்டினார். "எம் புள்ள பொய் சொல்ல மாட்டான் சார்" என்று மட்டும் சொன்னார்.

3

எங்கள் ஊரில் இருந்தது ஒரு சின்னக் கூட்டுறவு வங்கிக் கிளை. இரண்டு கவுண்ட்டர், ஒரு மின்விசிறி. எழுத்தர் சவரிநாதன் எங்கள் ஊர்க்காரர். ஊருக்கே சவரி சார். நான் எட்டாவது படிக்கும்போது அம்மா அங்கே கணக்குத் தொடங்கினார். அப்போது வங்கி மாதிரிக்கு வாங்கி வைக்கும் கையெழுத்து அட்டையில் வைத்தது கைநாட்டு. எழுதக் கற்றுக்கொண்ட பிறகு, பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். சவரி சாருக்கும் சந்தோஷம். "போடு அஞ்சல, கார்ட அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. எனக்குப் பதினெட்டு வயது ஆனபோது என் பெயரையும் இரண்டாவதாகச் சேர்த்தார்கள். அன்றைக்காவது மாற்றியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

இங்கிருந்து நான் அனுப்பியதை அம்மா பெரும்பாலும் அங்கேதான் வைப்பு நிதியாகப் போட்டார். மகளிருக்கு வரும் அரசு உதவிப் பணத்துக்காகப் பெரிய வங்கி ஒன்றிலும் அவருக்குக் கணக்கு இருந்தது. "எல்லாத்தையும் அங்க போடும்மா, அதான் பெரிய பேங்க்கு" என்று பலமுறை சொன்னேன்.

"அங்க என்னிய நிக்க வெக்கறான். இங்க சவரி சாரு ஃபேனுக்குக் கீழ உக்காருன்றாரு."

ஒரு மின்விசிறிதான் எங்கள் சேமிப்பு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. இதைப் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள்.

அந்தப் பணத்துக்கு அம்மா ஒரு திட்டம் வைத்திருந்தார். வண்டி நின்ற தெருமுனையிலேயே ஒரு வீட்டின் முன்னறை ஒத்திக்கு வருவதாக இருந்தது. வண்டியை விட்டுவிட்டுக் கடையாக உட்கார வேண்டும். மழைக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டாம், நகராட்சி வண்டி வருகிறது என்றால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டாம். வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தை முடிந்திருந்தது. பொங்கல்வரைதான் காத்திருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது.

"பேங்க்கு ஷட்டர பாதி எறக்கி வெச்சிருக்காங்கடா. லைசென்ஸ் போயிடுச்சாம். சவரி சாரு தலையில கைய வெச்சிக்கினு உக்காந்திருக்காரு." அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பொங்கலுக்குள்ள வருமா?"

பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் உட்கார்ந்து, மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் படித்தேன். மூடப்படும் வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. எங்களுடையது அதற்குள்தான். மூச்சு வந்தது. அம்மாவை அழைத்துச் சொன்னேன், "வரும்மா. ஃபாரம் குடுத்தா வரும்."

"ஃபாரம்னா நீ இருக்கியே" என்றார். எங்கள் தெருவில் ரேஷன் அட்டை முதல் இறப்புச் சான்றிதழ் வரை எல்லாருக்கும் படிவம் நிரப்பியவன் நான். அந்த நம்பிக்கையில் சொன்னார்.

4

முதல் தவறு என்னுடையதாகவே இருந்தது. இரண்டு பேர் பெயரில் இருக்கும் கணக்கு. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் வெளிநாட்டுக்கு வந்ததை வங்கிக்குச் சொல்லவே இல்லை. சொல்லிக் கணக்கின் வகையை மாற்றியிருக்க வேண்டுமாம். படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டமே இருந்தது.

சவரி சார் ஃபோனில் சிரித்தார். "தம்பி, நீ போயி ஆறு வருஷம் ஆவுது. எங்க பேங்க்கு கணக்குப்படி நீ இன்னும் நம்ம ஊர்லதான் கீற."

எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, எங்கேயோ இதமாகவும் இருந்தது. ஆனால் வேலை கூடியது. முழுப் பணத்தையும் அம்மாவின் பெரிய வங்கிக் கணக்கிலேயே போட எனக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம். கடிதத்திலும் படிவத்திலும் போடும் கையெழுத்து என்னுடையதுதான் என்று தூதரகத்தின் சான்று. அந்தக் கையெழுத்து பதினெட்டு வயதில் அட்டையில் போட்டதுபோலவே இருக்க வேண்டும்.

பதினெட்டு வயதில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். இங்கே வந்த பிறகு வேறு எழுத்தில் ஒரு கிறுக்கல். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க 'வேலு', 'வேலு' என்று எழுதிப் பார்த்தேன். எதுவும் பழைய கையெழுத்தாகத் தெரியவில்லை. என் மனைவி சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "தப்பு செஞ்சு இம்போசிஷன் எழுதற மாதிரி இருக்கு" என்றாள். வேறு வழி இல்லாமல் அம்மாவை அழைத்தேன்.

"பேர எழுதிட்டு அடியில ஒரு கோடு இழுப்ப. வலப்பக்கம் மேல தூக்கினாப்ல இருக்கும். அதுக்குக் கீழ ரெண்டு புள்ளி வெப்ப" என்றார், யோசிக்காமல்.

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"நான் எழுதக் கத்துக்கினப்ப உங்கையெழுத்தப் பாத்துக்கினேதானடா இருந்தேன். எனக்கும் கோடு போடலாம்னு பாத்தேன். அப்புறம் வோணாம்னு உட்டுட்டேன்."

பிள்ளைகள் அந்நிய நாட்டில் கைநழுவிப் போகிறார்கள் என்று இங்கே நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு. நழுவியது என் கையெழுத்துதான். அதைப் பத்திரமாக வைத்திருந்தவர் கைநாட்டுக்காரர் என்று வங்கி அட்டை சொல்லும் என் அம்மா.

தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலத்தான் போட வேண்டும் என்றார்கள். இரண்டையும் போடுகிறேன் என்று வாதாடி, ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்துகள் போட்டேன். "சரிதானே?" என்று அந்த அலுவலர் தமிழில் கேட்டதற்கு பிரெஞ்சில் "வுய்" என்று பதில் சொல்லி அசடு வழிந்தேன். தாள்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது, படிவம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது.

5

மறுநாள் அம்மா வீடியோ அழைப்பில் என்னைக் கூடவே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வேலையில், அதே பதினான்காம் மாடி இயந்திர அறையில் இருந்தேன். ஃபோனைக் கவுண்ட்டரில் மல்லாக்க வைத்துவிட்டதால் எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. அந்த மின்விசிறி ஓடாமல் நின்றிருந்தது. குரல்கள் தெளிவாகக் கேட்டன.

ஆள் அடையாளத்துக்கு முதலில் விரல் இயந்திரம். பொறுப்பேற்க வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் அழுத்துங்கம்மா. கட்டைவிரல் சரியா விழல."

ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. விழவில்லை. இருபது வருடம் சூட்டுப் பெட்டியும் ஈரத்துணியும் பிடித்த கை அது. கடைசியில் ஃபோனுக்கு வந்த எண்ணைச் சொல்லி அந்தப் படியைத் தாண்டினார்கள். அடுத்தது படிவம்.

"கார்டுல கைநாட்டு இருக்கு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. இது செல்லாது. வேற ஃபாரம் தரேன், மையில ரேகை வெச்சிக் குடுங்க."

"அப்ப எழுதத் தெரியாது சார். இப்பத் தெரியும்."

"தெரியுமா தெரியாதான்னு கேக்கலம்மா. கார்டுல இன்னா இருக்கோ அதான்."

சவரி சார் குறுக்கே வந்தார். "பத்து வருஷத்துக்கு மேல எங்கண்ணெதிர்ல கையெழுத்துதான் சார் போடறாங்க."

"அப்ப கார்ட ஏன் சார் மாத்தல?"

சவரி சாருடைய நல்ல மனசுதான் இப்போது குறுக்கே நின்றது. வரிசையில் யாரோ ஓர் ஆள், "யக்கா, வெச்சிட்டு நவுறேன். வெரலு தேஞ்சா பூடும்?" என்றார்.

"தேஞ்சுதான் பூடுச்சு. இந்தா, வந்து பாரு."

சிரிப்புச் சத்தம். அம்மா சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பொங்கல் என் கண்ணுக்குள் ஓடியது. அந்த முன்னறை வேறு யாருக்கோ போவதும் ஓடியது. நான் பேசினேன்.

"அம்மா, வெச்சிடும்மா. ஒரு தடவதான? காசு வரட்டும்."

கூரை ஆடியது. ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். அவர் முகம் தெரிந்தது.

"நீயாடா சொல்ற?"

அவ்வளவுதான். ஃபோனைத் திரும்பவும் மல்லாக்க வைத்துவிட்டார்.

"சார், கோச்சிக்காத. இப்பத்தான் அந்த மிஷினு எனக்கு வெரலே இல்லன்னுச்சி. இல்லாத வெரலதான் வெக்கச் சொல்ற. நான் மைய அப்பிட்டுப் போனா நாளைக்கு அது யாருதுன்னு நீ சொல்லுவியா, அந்த மிஷினு சொல்லுமா? இது நான் எழுதனது. எம் பேரு. இன்னொரு ஆளு இப்பிடி எழுதிட முடியாது. ஒரு தாளக் குடு, அஞ்சு தடவ போடறேன். ஒண்ணுக்கொண்ணு மாறுச்சின்னா கைநாட்டு வெக்கறேன்."

தாள் நகரும் சத்தம். அம்மா எழுதினால் நேரம் ஆகும். பதினான்காம் மாடியில் நான் ஓடாத அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார் அதிகாரி. குரல் மாறியிருந்தது. "ஆனா நானா ஏத்துக்க முடியாதும்மா. என் வேல போயிடும். வேற பேங்க்ல கணக்கு இருக்கா?"

"உதவிப் பணம் வர்ற பேங்க்ல இருக்கு."

"அங்க கைநாட்டா, கையெழுத்தா?"

"கையெழுத்து" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தை எனக்கு எழுதிக் காட்டத் தெரியவில்லை.

"அப்ப அந்த மேனேஜரு, இது உங்க கையெழுத்துதான்னு இந்த ஃபாரத்துல சீல் வெச்சிக் குடுக்கட்டும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துடணும். சவரி சார், நீங்களும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

"இப்பவே எழுதறேன் சார்" என்று சவரி சார் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அம்மா வண்டியைத் திறக்கவில்லை. தன்னை நிற்க வைக்கும் அந்தப் பெரிய வங்கிக்குப் போனார். காலை பத்து மணிக்கு நின்றவருக்குச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் சீல் விழுந்தது. நாலே காலுக்குப் படிவம் எங்கள் ஊர்க் கிளையில் சேர்ந்தது.

"நின்னியாம்மா?" என்று கேட்டேன்.

"நின்னேன். நிக்கறது இன்னா, நின்னுக்கினுதானே உன்னியே படிக்க வெச்சேன்."

6

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சொல்ல வாயெடுத்தபோது அம்மாவே முந்திக்கொண்டார்: "நீ பயந்துட்ட. பரவால்ல, உடு."

உண்மை அதுதான். முதலில் படித்தவனுக்கு ஒரு பயம் உண்டு. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, கவுண்ட்டருக்கு அப்பால் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது. அப்படித்தான் நான் ஒவ்வொரு வாசலாகத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தேன். அம்மாவுக்கு எழுத்து வந்ததே தவிர, அதோடு சேர்ந்த அந்தப் பயம் வரவில்லை. அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் அவருடைய பெயர். அதை யாருக்காகவும் திரும்பக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

7

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பணம் வந்து சேர்ந்தது. ஒத்திப் பத்திரத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர், "இங்க் பேட் இருக்கு, சட்டுனு முடிச்சிடலாம்" என்று சொன்னாராம். "உங்களுக்கு அவசரம்னா டீ சாப்ட்டு வாங்க" என்று அம்மா சொன்னாராம். வீட்டுக்காரர் இரண்டு டீ குடித்திருக்கிறார்.

ஜூலையில் விடுமுறைக்குப் போனேன். கடையில் ஒரு பெரிய மேசை, இரண்டு மின்பெட்டிகள், ஒரு மின்விசிறி. வருகிறவர்கள் உட்கார அதன் அடியில் ஒரு பெஞ்சு. பின்னால் கம்பியில் பதினான்காம் தேதிக்கான கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்னச் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. வீட்டு எண்ணாக இருக்கும் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். நீல மையில், நிதானமாக, 'அஞ்சலை'.

கோட்டை வாங்க வந்த வயதான சொல்தா ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிச் சீட்டைப் படித்தார். "இன்னா அஞ்சல, கோட்டத் தேச்சிக் குடுன்னா நீ கவர்னரு மாரி கையெழுத்து போட்டுக் குடுக்கற? எங்கோட்டு எனக்குத் தெரியாதா?"

"கோட்டு உங்களுது, முசே. அது எல்லாருக்கும் தெரியும். தேச்சது யாருன்னு தெரிய வோணாமா?"

அவர் அந்தச் சீட்டை எடுத்துப் போடவில்லை. கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, அது வெளியே தெரியும்படியே தெருவில் நடந்து போனார்.

நான் பிரான்சுக்குத் திரும்பக் கிளம்பிய அன்று என் சட்டைகளையும் அம்மாதான் தேய்த்தார். ஆறு சட்டைகள், ஆறு சீட்டுகள்.